31 தோல்வியோடு ஒரு சாம்பியன்

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் சீசன் முடிந்ததும் 64 அணிகளை நான்கு நான்காகப் பிரிக்கிறார்கள். ஒரு தடவை தோத்தா பரவாயில்லை, இரண்டாவது தோல்வியில்தான் வெளியே. 16 பிரிவுகளில் ஜெயித்தவர்கள் ஜோடி ஜோடியாக மூன்று ஆட்டத் தொடர் ஆடி, எட்டு அணிகள் ஒமாஹா போகும்.

2008இல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் தன் பிரிவிலேயே கடைசித் தரவரிசை. இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 7-6 தோல்வி. அடுத்ததில் 5-0 என்று பின்தங்கி, 19-10 வெற்றி! (பேஸ்பால் ஸ்கோர்தாங்க.) கடைசி ஆட்டம் 6-1. அந்த ஆறு ரன்னும் டெட்வைலர் அடியில் வந்தவை, கட்டைவிரல் தசைநார் கிழிந்த நிலையில். சீசன் கணக்கு: 47 வெற்றி, 31 தோல்வி. நாக்அவுட்டாக இருந்திருந்தால் ஃப்ரெஸ்னோ கோப்பையைத் தொட்டிருக்காது.