சத்தம் கேட்காத இதயமும் பார்க்கப்பட வேண்டும்

டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது. பொதுவாகப் பிறக்கும் குழந்தைகளில் இது நூற்றுக்கு ஒன்று என்ற அளவுதான். எனவே, சந்தேகம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வழக்கம் இவர்களுக்குப் பொருந்தாது. கர்ப்பகால ஸ்கேன் எப்படி இருந்தாலும், பிறந்ததும் இப்படிப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல்.

'ஸ்டெதாஸ்கோப்பில் வித்தியாசமான சத்தம் எதுவும் கேட்கவில்லை, குழந்தையும் நன்றாகப் பால் குடிக்கிறது, பிறகு ஏன் எக்கோ?' என்று பெற்றோர் கேட்பது இயல்பே. ஆனால், ரத்தம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வேகமாகப் பாயும்போதுதான் அந்தச் சத்தம் எழும். இந்தக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் குறையில், இதயத்தின் நடுவே மேலறைகளையும் கீழறைகளையும் இணைத்தபடி பெரிய ஓட்டை இருக்கும்; வால்வும் சரியாகப் பிரிந்திருக்காது. பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகியிருப்பதால் இரு பக்க அழுத்தமும் ஏறக்குறைய சமம். பாய்ச்சலும் இல்லை, சத்தமும் இல்லை. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு இந்த இறுக்கம் தளராமலே போவதுண்டு. அப்போது மூச்சிரைப்பு இல்லாமல் குழந்தை நலமாகத் தெரியும். உள்ளே நுரையீரல் ரத்தக்குழாய்கள் கெட்டித்துக்கொண்டே போகும். அந்த நிலை முற்றிவிட்டால் ஓட்டையை அடைக்கவே முடியாது. அடைத்தால் உயிருக்கு ஆபத்து. இந்தக் குறைக்கான அறுவை சிகிச்சையைப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் முடிக்கச் சொல்வது இதனால்தான்.

'எடை கூடட்டும்' என்று காத்திருப்பவர்கள் உண்டு. ஆனால், அந்த இறுக்கம் தளர்ந்து நுரையீரலுக்கு அதிக ரத்தம் பாயும் குழந்தை பால் குடிக்கவே வியர்த்துக் களைத்துப்போகும். எடையைக் கூடவிடாமல் தடுப்பதே அந்த ஓட்டைதான். அறிவு வளர்ச்சி குறைந்த குழந்தைக்கு இவ்வளவு பெரிய ஆபரேஷன் எதற்கு என்ற கேள்வியை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படி நினைத்து மறுத்தார்கள். இன்று இந்த அறுவை சிகிச்சையில் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் மற்றவர்களுக்குக் குறையாமல் தேறுகிறார்கள். அமெரிக்காவில் இவர்கள் இறக்கும் வயதின் இடைநிலை அளவு (மீடியன்) 1983இல் 25; 1997இல் 49. இந்த உயர்வில் இதய சிகிச்சைக்குப் பெரும் பங்கு உண்டு.

தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் டவுன் சிண்ட்ரோம், பிறவி இதயக் குறை இரண்டுமே உள்ளன. இதற்காகத் தமிழ்நாட்டுப் பெற்றோர் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தை அணுகலாம். குழந்தையை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் முன்பே, எக்கோ எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.