எட்டாம் நம்பர் ஊசி: என் முதல் ஸ்வெட்டர்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியது.)

வழக்கமா இங்க சாஃப்ட்வேர் பத்திப் பேசுவோம். இன்னிக்கு ஸ்வெட்டர். இன்ஸ்டாவுல போட்டோ பார்த்துட்டு "ப்ரோ, நீயே பின்னினதா? எத்தனை நாளாச்சு?"ன்னு கேட்டவங்களுக்கான பதில்தான் இந்த எபிசோட். சின்ன பதில்: ஏழு மாசம். பெரிய பதில்: அதுல முதல் ரெண்டு மாசம் நான் பின்னினது எதுவும் இப்ப உலகத்துலயே இல்லை.

எங்க வீடு குன்னூர்ல. எனக்கு வேலை பெங்களூர்ல. அப்பாகிட்ட ஒரு பிரவுன் ஸ்வெட்டர் இருக்கு. எனக்கு ரெண்டு வயசா இருக்கும்போது அம்மா பின்னினது. முழங்கை தேஞ்சு, வேற கலர் நூல்ல ஒட்டுப் போட்டு, அந்த ஒட்டும் தேஞ்சாச்சு. நான் வாங்கிக் கொடுத்த ஜாக்கெட் எல்லாம் பீரோவுல டேக் கூடப் பிரிக்காம கிடக்கு. புதுசா ஒண்ணு பின்ன அம்மாவால இப்ப முடியாது. கட்டைவிரல் மூட்டுத் தேய்மானம். பத்து நிமிஷம் ஊசி பிடிச்சா ராத்திரி முழுக்க வலி. போன ஜூன்ல ஊருக்குப் போனப்ப, ஊசி இருந்த துணிப்பையைக் கொடுத்து "இதைப் பரண்ல போட்டுடு சாமி"ன்னாங்க. நான் அதைப் பரண்ல போடல. என் பேக்ல போட்டுக்கிட்டு பெங்களூர் பஸ் ஏறிட்டேன்.

பின்னல்னா என்னன்னு முதல்ல சொல்லிடறேன். நீங்க போட்டிருக்கிற சட்டை நெய்த துணி. பாவுன்னு நீளவாட்டுல ஒரு கூட்டம் நூல், ஊடைன்னு குறுக்குவாட்டுல இன்னொரு கூட்டம் நூல். உங்க டி-ஷர்ட் அப்படி இல்லை. அது பின்னின துணி. ஒரே நூல் வளைஞ்சு வளைஞ்சு, ஒரு வளையத்துக்குள்ள இருந்து அடுத்த வளையத்தை இழுத்து வெளியே எடுத்தது. அந்த வளையத்தை அம்மா 'கண்ணி'ன்னு சொல்வாங்க. நானும் அப்படியே சொல்றேன்.

இப்பவே டி-ஷர்ட்டைக் கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க. வெளிப்பக்கம் குட்டிக் குட்டியா 'வி' எழுத்து வரிசையா நிக்கும். உள்பக்கம் புருவம் மாதிரி மேடு மேடா இருக்கும். கைப்பின்னல்ல 'நிட்', 'பர்ல்'னு ரெண்டு கண்ணி இருக்குன்னு வீடியோ எல்லாத்துலயும் சொல்வாங்க. உண்மைல இருக்கிறது ஒண்ணுதான். முன்னாடி இருந்து பார்த்தா நிட், அதையே பின்னாடி இருந்து பார்த்தா பர்ல். இது புரிய எனக்கு மூணு வாரம் ஆச்சு. புரிஞ்ச அன்னிக்குப் பாதி பயம் போயிடுச்சு. டி-ஷர்ட்டை வெட்டினா ஓரம் ஏன் சுருண்டுக்குதுன்னும் அப்பதான் புரிஞ்சது. எல்லா நிட்டும் ஒரே பக்கம், எல்லா பர்லும் இன்னொரு பக்கம். ரெண்டு பக்கமும் இழுக்கிற இழுப்பு ஒண்ணா இல்லை. ரெண்டு நிட், ரெண்டு பர்ல்னு மாத்தி மாத்திப் போட்டா இழுப்பு சரியாகிடும், துணி சுருளாது, ரப்பர் மாதிரி விரிஞ்சு சுருங்கும். அதுதான் கழுத்துலயும் மணிக்கட்டுலயும் வர்ற ரிப். திருப்பூர் மெஷின் செய்றதும் அதேதான். மெஷின்ல நூத்துக்கணக்கான ஊசி, எங்கிட்ட ரெண்டு.

முதல்ல ஒரு மஃப்ளர் போட்டுப் பழகினேன். 30 கண்ணியில ஆரம்பிச்சது, ஒரு அடி போறதுக்குள்ள 41 ஆகிடுச்சு. நான் எதையும் சேர்க்கவே இல்லை! வீடியோ கால்ல அம்மாகிட்ட காட்டினேன். அவங்களுக்கு இதை வார்த்தைல சொல்லிக் கொடுக்க வராது. "கைக்குத்தான் தெரியும், எனக்கு எங்க தெரியும்"பாங்க. கேமராவை நகர்த்தச் சொல்லிப் பார்த்துட்டு, "வரிசை ஆரம்பிக்கும்போது நூலை ஊசிக்கு மேலாக இழுக்கிற. ஒரு கண்ணி ரெண்டு மாதிரி தெரியுது, ரெண்டுன்னு நினைச்சுப் பின்னிடற"ன்னாங்க. அப்புறம் இன்னொண்ணு. "உன் பர்ல் வரிசை எல்லாம் முறுக்கியிருக்கு." ஊசி மேல உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு கண்ணிக்கும் ரெண்டு கால். வலது கால் ஊசிக்கு முன்னாடி வரணும். நூலைத் தப்பான பக்கம் சுத்தினா கால் மாறி உட்காரும், அடுத்த வரிசைல கண்ணி முறுக்கிக்கும். அவங்க இதைக் கண்டுபிடிச்சது கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் தள்ளி, பட்டன் சைஸ் வீடியோல.

மஃப்ளர் முடியறதுக்குள்ளயே எனக்குத் திமிர் வந்துடுச்சு. ஒரு அமெரிக்க பேட்டர்ன் இறக்கினேன். பின்னல்காரங்களோட கிட்ஹப்னு சொல்லக்கூடிய ரேவல்ரி தளம் 2007ல வந்தது. ஜெசிகா, கேசிடி ஃபோர்ப்ஸ்னு ஒரு தம்பதி ஆரம்பிச்சது, அதுல கேசிடி புரோகிராமர். நம்ம ஆளு! பேட்டர்னைப் படிச்சா அப்படியே கோட் மாதிரி இருக்கும். நட்சத்திரக் குறி போட்டு "ரெண்டு நிட், ரெண்டு பர்ல், நட்சத்திரத்துல இருந்து திரும்ப"ன்னு எழுதியிருப்பாங்க. லூப்தானே? இதுல என்ன கஷ்டம்னு நினைச்சேன்.

பேட்டர்ன்ல எட்டாம் நம்பர் ஊசின்னு போட்டிருந்தது. அம்மா பைல எட்டாம் நம்பர் ஊசி இருந்தது, அலுமினியம், தலைல 8னு பொறிச்சது. கடவுளே எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. ஸ்வெட்டரோட முதுகுப் பகுதி, 94 கண்ணி. தினமும் ராத்திரி ரெண்டு மணி நேரம். கேமரா ஆஃப் பண்ணின மீட்டிங் எல்லாத்துலயும். ஆகஸ்ட் நடுவுல முதுகு முடிஞ்சது. சுதந்திர தின லீவுக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போய் அப்பா முதுகுல வச்சேன்.

சுவர்ல காலண்டர் மாட்டின மாதிரி இருந்தது. ரெண்டு பக்கமும் அப்பா மிச்சம்.

அப்பா ஒண்ணும் சொல்லல. "அடுத்த வருஷக் குளிருக்குள்ள நான் இளைச்சுடறேன்"னார். அம்மா ஊசியை வாங்கிப் பார்த்தாங்க, பேட்டர்ன்ல இருந்த படத்தைப் பார்த்தாங்க, "இவங்க ஊசி தடிமனா இருக்கே"ன்னாங்க. அப்பதான் தேடினேன். அம்மாவோட ஊசில இருந்தது பழைய பிரிட்டிஷ் நம்பர். அதுல 8னா 4 மில்லிமீட்டர். அமெரிக்க நம்பர்ல 8னா 5 மில்லிமீட்டர். இன்னொரு கூத்து: அமெரிக்காவுல நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும், பிரிட்டிஷ் கணக்குல நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்.

1999ல நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் பக்கத்துல போய் அழிஞ்சது. ஒரு சாஃப்ட்வேர் பவுண்ட் கணக்குல கொடுத்ததை இன்னொண்ணு நியூட்டன் கணக்குன்னு எடுத்துக்கிச்சு. காலேஜ்ல இந்தக் கதையைக் கேட்டு நானும் சிரிச்சிருக்கேன்.

ஒரு மில்லிமீட்டர்தானே, அதுக்கு இவ்ளோவான்னு தோணலாம். கணக்கைப் பாருங்க. பேட்டர்ன் எதிர்பார்த்தது 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி. 94 கண்ணிக்கு 52 சென்டிமீட்டர். எனக்கு வந்தது 10 சென்டிமீட்டருக்கு 22. அப்ப 94 கண்ணிக்கு 43 சென்டிமீட்டர் கூட வராது. முன்பக்கமும் சேர்த்தா 104 வர வேண்டிய மார்புச் சுற்று 86ல நிக்கும். அப்பாவுக்கு மார்பு 96. ஒவ்வொரு கண்ணிலயும் ஒரு மில்லிமீட்டர்தான் பிழை, அது 94 தடவை கூடிடுது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, பேட்டர்னோட முதல் பக்கத்துலயே இருந்தது. அதே நூல், அதே ஊசில ஒரு சின்னச் சதுரம் பின்னி அளந்து பார்க்கணும். ஸ்வாட்ச்னு பேரு. அதாவது டெஸ்ட். டெஸ்ட் எழுதாம புரொடக்‌ஷனுக்குத் தள்ளினவனைப் பத்தி ஆபீஸ்ல நான் எவ்ளோ பேசியிருப்பேன்!

பிரிச்சேன். பின்னல்காரங்க இதுக்கு 'ஃப்ராகிங்'னு சொல்வாங்க, தவளை வேலை. ஆங்கிலத்துல தவளை 'ரிப்பிட் ரிப்பிட்'னு கத்தும், 'பிரி, பிரி'ங்கிறதுக்கும் அங்க அதே சத்தம். சின்னத் தப்புக்கு இன்னொரு வழி, கண்ணி கண்ணியா பின்னோக்கிப் பின்னறது. நிட்ங்கிற ஆங்கில வார்த்தையைத் திருப்பிப் போட்டு அதுக்கு 'டிங்க்'னு பேரு வச்சிருக்காங்க. எனக்கு டிங்க் எல்லாம் பத்தாது. ஏறக்குறைய 15,000 கண்ணி. ஆறு வாரத்துல பின்னினது, அம்மா உருண்டை பிடிக்க, 20 நிமிஷத்துல முடிஞ்சது. அழுகை வரல. எரிச்சலா இருந்தது, அம்மா நிதானமா நூல் சுத்தறதைப் பார்த்தா இன்னும் எரிச்சல். "துணியை வெட்டிட்டா போச்சு. இதுல நூல் எங்கயும் போகல பாரு"ன்னாங்க. அது உண்மைதான். பிரிச்ச நூல் நூடுல்ஸ் மாதிரி நெளிஞ்சு வரும். நாற்காலி முதுகுல சுத்தி, நாலு இடத்துல கட்டி, தண்ணில ஊற வச்சுத் தொங்கவிட்டா மறுபடி நேராகிடும். கம்பளி நூல்னா நல்லா வரும். அக்ரிலிக் அந்த அளவுக்கு வராது.

ரெண்டாவது தடவை வேற முறைக்கு மாறினேன். தனித்தனியா பின்னி கடைசில சேர்த்துத் தைக்கிறது வாட்டர்ஃபால்னா, இது அஜைல். கேபிள் வச்ச வட்ட ஊசில கழுத்துல ஆரம்பிச்சு கீழ வரணும். சட்டையே ஒரே குழாயா வளரும். கழுத்துல இருந்து அக்குள் வரைக்கும் சாய்வா நாலு கோடு. ஒண்ணு விட்டு ஒரு சுற்றுல, ஒவ்வொரு கோட்டுக்கும் ரெண்டு பக்கமும் ஒரு கண்ணி சேர்க்கணும், மொத்தம் எட்டு. ராக்லன்னு பேரு. நடுவுல எப்ப வேணாலும் நூல்ல கோத்து, ஆளைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். தைக்கவே வேண்டாம்.

அளவுக்கு எலிசபெத் சிம்மர்மன் பிரபலமாக்கின கணக்கைப் பிடிச்சேன். பிரிட்டன்ல பிறந்து அமெரிக்காவுல வாழ்ந்தவங்க. 'நிட்டிங் விதவுட் டியர்ஸ்'னு 1971ல அவங்க புத்தகம் வந்தது. அவங்க சொல்றது: பேட்டர்னை நம்பாத, உன் கை அளவை நம்பு. மார்புச் சுற்றை உன் கண்ணி அளவால பெருக்கு, அதுதான் 100 சதவீதம். மிச்சம் எல்லாம் அதோட பங்கு. அப்பாவுக்குக் கொஞ்சம் தளர்வு வச்சு 104 சென்டிமீட்டர், சென்டிமீட்டருக்கு 1.8 கண்ணி, ஆக 187. ரிப்புக்கு நாலால வகுபடணும், அதனால 188. மணிக்கட்டு 20 சதவீதம், 38க்குக் கொஞ்சம் குறைவு. அதையும் நாலுக்காக 40 ஆக்கினேன்.

இந்தத் தடவை ஸ்வாட்ச் போட்டேன், துவைச்சுக் காய வச்சேன், ஓரத்தை விட்டு நடுவுல அளந்தேன். சில பேருக்கு நிட் ஒரு இறுக்கம், பர்ல் ஒரு இறுக்கம். எனக்கும் அப்படித்தான். வட்டமா பின்னும்போது பர்ல் வரிசையே வராது, அளவு மாறும். அதனால ஸ்வாட்ச்சையும் வட்டமாவே போட்டேன். ரெண்டு நாள் வேஸ்ட்னு தோணும். போடுங்க. இன்னொரு விஷயம், 15 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை பல் இடுக்குல விடற ஃப்ளாஸ் நூலை ஒரு வரிசைக் கண்ணி முழுக்கக் கோத்து விட்டேன். பிரிக்க வேண்டி வந்தா அதுவரைக்கும்தான் பிரியும். லைஃப்லைன். கிட் கமிட்.

பின்னினா மனசு அமைதியாகும்னு ரீல்ஸ்ல எல்லாரும் சொல்றாங்க. முதல் ஸ்வெட்டர்ல அப்படி ஒண்ணும் இல்லை. எண்ணிக்கிட்டே இருப்பீங்க, யாராவது பேசினா எரிஞ்சு விழுவீங்க. உடம்புப் பகுதி மட்டும் விதிவிலக்கு. சுத்திச் சுத்தி நிட், நூறு சுற்றுக்கு மேல. அங்க ஒரு இடத்துல கை தானா போக ஆரம்பிச்சது. எத்தனையாவது கண்ணின்னு கேட்டா சொல்லத் தெரியாது, ஆனா தப்பு வந்தா கை நின்னுடும். அம்மா சொன்னது இதைத்தானான்னு அவங்களுக்குப் போன் பண்ணினேன். "சாப்டியா?"ன்னு கேட்டாங்க.

மிச்சம் லாபம் எல்லாம் கேட்காதீங்க. கிட்டத்தட்ட 600 கிராம் கம்பளி நூலுக்கு நான் கொடுத்த காசுல, ஊட்டில மூணு ஸ்வெட்டர் வாங்கலாம். நூல் வாங்கும்போது லேபிள்ல சாய லாட் நம்பர் ஒண்ணான்னு மட்டும் பார்த்துடுங்க. ஒரே கலர் பேர்ல வேற லாட் வந்தா, பின்னினப்புறம் பட்டை பட்டையா தெரியும்.

ஜனவரில முடிச்சேன். கடைசில பார்த்தா இடது கை ரெண்டு சென்டிமீட்டர் நீளம். சுற்று எண்ணிப் பார்த்தா ரெண்டு கையும் ஒண்ணுதான். வலது கையைப் பின்னினது ஆபீஸ்ல ரிலீஸ் வாரம், இழுத்து இழுத்துப் பின்னியிருக்கேன். இடது கை பொங்கல் லீவுல, வீட்டுத் திண்ணைல.

அப்பா போட்டுப் பார்த்தார். இடது கையை ஒரு மடிப்பு மடிச்சு விட்டுக்கிட்டு, பால் வாங்கப் போயிட்டார். திரும்பி வந்தும் கழட்டல. ராத்திரி கழட்டினப்ப அம்மா அதை உள்பக்கம் திருப்பி, நூல் முனை எல்லாம் செருகியிருக்கான்னு ஒவ்வொண்ணா பார்த்தாங்க. தோள்பட்டைகிட்ட விரலை நிறுத்தி, "இங்க ஒண்ணு முறுக்கியிருக்கு"ன்னாங்க. பிரிச்சுடவான்னு கேட்டேன். "ஒண்ணுதானே, கிடக்கட்டும்"னுட்டு, பழைய பிரவுன் ஸ்வெட்டரை என் மடில போட்டாங்க. "முழங்கையை விட்டுட்டா மிச்ச நூல் நல்லாத்தான் இருக்கு. பிரி. நான் உருண்டை பிடிக்கிறேன்."

அதுல இப்ப ஒரு குல்லா போயிட்டிருக்கு. ஊசி, அதே எட்டாம் நம்பர், 4 மில்லிமீட்டர். ஸ்வாட்ச் போட்டாச்சு.

அடுத்த வாரம் திரும்ப டேட்டாபேஸ். வரேன் மக்களே.