95 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரும் அழையா விருந்தாளிகளும்



தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று கேட்டால் ‘நூறு டிகிரி செல்சியஸ்’ என்று உடனே சொல்லிவிடுவீர்கள். பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் சேர்வராயன் மலைக்கு வந்தால் விடை மாறும். ஏற்காடு ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம் இல்லை. ஏறத்தாழ 635 மில்லிமீட்டர்தான். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் அல்லவா? ஆகவே அங்குத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்த மாரமங்கலம் போன்ற மலையூர்களிலும், அந்தந்த ஊரின் உயரத்திற்கு ஏற்பக் கொதிநிலை நூறுக்குக் கீழேதான் இருக்கும்.

இப்போது ஒரு கேள்வி. ‘தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், கிருமி செத்துப்போகும்’ என்கிறார் மருத்துவர். நூறு டிகிரியை எட்டாத தண்ணீரில் கிருமி சாகுமா, சாகாதா?

விடையைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன் அந்தக் கிருமி யார், எங்கே குடியிருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ‘இயற்பியல் ஆசிரியருக்குக் குடலுக்குள் என்ன வேலை?’ என்று நினைக்காதீர்கள். இந்தக் கதையில் ஒவ்வொரு படியிலும் இயற்பியல் வருகிறது.

துணி வியாபாரி கண்ட காட்சி

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் லீவன்ஹூக் என்ற துணி வியாபாரி இருந்தார். கல்லூரிப் படிப்பு இல்லாதவர். கண்ணாடியைத் தேய்த்துச் சிறு லென்சுகள் செய்வதில் கைதேர்ந்தவர். பொருளை இருநூறு மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும் ஒற்றை லென்சு நுண்ணோக்கிகளை அவரே செய்துகொண்டார். 1681-ஆம் ஆண்டு அவருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. மற்றவர்கள் முகம் சுளிக்கும் காரியத்தை அவர் செய்தார். தம் மலத்தையே லென்சின் முன் வைத்துப் பார்த்தார். அதில் மிகச் சிறிய உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன! அவர் அன்று கண்டது ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி என்று இன்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

இது ஒரே செல்லால் ஆன உயிர். நீளம் 12 முதல் 15 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். வெறுங்கண்ணால் நூறு மைக்ரானுக்குக் குறைந்த பொருளைப் பார்ப்பது மிகக் கடினம். ஆகவே ஏழெட்டு ஜியார்டியாக்கள் வரிசையாக நின்றால்தான் நம் கண்ணுக்கு ஒரு புள்ளியாவது தெரியும்.

உருவம் பாதியாகப் பிளந்த பேரிக்காய் போலிருக்கும். இரண்டு உட்கருக்கள் இரு கண்களைப் போல முழித்துப் பார்க்கும். நீந்துவதற்கு எட்டுக் கசையிழைகள் உண்டு. தட்டையான வயிற்றுப் பக்கத்தில் ஒரு தட்டு இருக்கிறது. சுவரில் ரப்பர் கிண்ணத்தை அழுத்தி ஒட்டுகிறோமே, அதுபோல இந்தத் தட்டால் அது சிறுகுடலின் உட்சுவரைப் பற்றிக்கொள்கிறது.

இது குடலைத் துளைப்பதில்லை, இரத்தமும் குடிப்பதில்லை. ஆனால் உணவிலுள்ள சத்தைக் குடல் உறிஞ்சுவதற்குக் குந்தகம் செய்கிறது. கொழுப்பு செரிக்காமல் வெளியேறும். வயிறு உப்பும்; நாற்றமுள்ள ஏப்பம் வரும்; மலம் எண்ணெய்ப் பசையோடு நீரில் மிதக்கும். கிருமி உள்ளே போய் ஒன்றிரண்டு வாரங்கள் கழித்தே இவை தொடங்குகின்றன. அதற்குள் எங்கே என்ன குடித்தோம் என்பது நமக்கு மறந்தே போயிருக்கும்.

குடலைவிட்டு வெளியேறும்போது ஜியார்டியா தன்னைச் சுற்றி ஓர் உறையைக் கட்டிக்கொள்ளும். இதற்குச் சிஸ்ட் என்று பெயர். குளிர்ந்த நீரில் சிஸ்ட் இரண்டு மூன்று மாதங்கள்கூட உயிரோடு கிடக்கும். 1954-இல் அமெரிக்காவில் ரெண்ட்டார்ஃப் என்பவர் தன்னார்வலர்களிடம் நடத்திய சோதனையில், பத்தே பத்துச் சிஸ்டுகள் உள்ளே போனாலும் நோய் தொற்றும் என்று தெரிந்தது. நோயாளி ஒருவரோ நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் சிஸ்டுகளை வெளியேற்றக்கூடும். ஊற்றுக்கும் ஓடைக்கும் மேலே சரிவில் மலம் கழித்தால், ஒரு மழை போதும்; அவை நம் குடத்துக்கு வந்துசேர்ந்துவிடும்.

பேதி இல்லாத நோய்

‘பேதி வந்தால் மருந்து சாப்பிட்டுக்கொள்ளலாம், இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கலாம். இங்கேதான் வேலூர் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது.

2009-ஆம் ஆண்டிலிருந்து வேலூர் உள்பட எட்டு நாடுகளில் உள்ள எட்டு இடங்களில், பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஓர் ஆய்வு நடந்தது. வேலூரில் அதை நடத்தியது கிறித்தவ மருத்துவக் கல்லூரி. குழந்தைகளின் மலத்தை மாதந்தோறும் சோதித்தார்கள். எடையையும் நீளத்தையும் அளந்தார்கள். இரண்டு வயது முடிவதற்குள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் ஒரு முறையாவது ஜியார்டியா காணப்பட்டது. அது பேதியை அதிகமாக்கவில்லை! ஆனால் பிறந்த ஆறு மாதத்துக்குள் அது வந்து விடாமல் தங்கிய குழந்தைகள், இரண்டு வயதில் மற்றவர்களைவிட எடையும் நீளமும் குறைந்து காணப்பட்டார்கள். 2017-இல் இம்முடிவுகள் வெளியாயின.

புரிகிறதா? பேதி இல்லை, காய்ச்சல் இல்லை. தாய்க்குச் சந்தேகமும் வராது. குழந்தை மட்டும் வளரவேண்டிய அளவு வளரவில்லை.

கால் வழியே வரும் புழு

ஜியார்டியா வாய் வழியே வருகிறது. இன்னொரு விருந்தாளி கால் வழியே வருவார். அவர் பெயர் கொக்கிப்புழு. நீளம் சுமார் ஒரு சென்டிமீட்டர். இதன் முட்டைகள் மலத்தோடு மண்ணில் விழுகின்றன. நிழலும் ஈரமும் இதமான சூடும் உள்ள மண்ணில் அவை பொரித்து, பத்து நாளுக்குள் தொற்றும் நிலையை அடைகின்றன. காப்பித் தோட்டத்து நிழல் மண் அவற்றுக்குச் சொர்க்கம். வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே நுழையும் இளம்புழு, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. தோல் வழியே நுழையும் இந்த இரகசியத்தை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் கண்டுபிடித்தார். இளம்புழுக்கள் இருந்த நீர் தம் கையில் பட்டு அரித்ததுதான் அவருக்குக் கிடைத்த துப்பு.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நெக்கேட்டர் என்ற இனத்தின் ஒரு புழுவால் நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்தம் போகிறது. நூறு புழுக்கள் இருந்தால் 3 மில்லிலிட்டர். ஓர் ஆண்டுக்கு? ஒரு லிட்டருக்கும் மேல்! நாற்பது கிலோ எடையுள்ள மாணவரின் உடலில் இருப்பதே சுமார் மூன்று லிட்டர்தான். உடல் புது இரத்தத்தை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் அதற்கு வேண்டிய இரும்புச்சத்து கரைந்துகொண்டே போகும். முகம் வெளுக்கும், மேடேறினால் மூச்சு வாங்கும், வகுப்பில் தூக்கம் வரும். ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் சிலர் உண்மையில் இரத்தசோகை நோயாளிகளாக இருக்கலாம்.

சேர்வராயனைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது ஜவ்வாது மலை. அங்கும் அதன் கீழே திமிரிப் பகுதியிலும் 2017-இலிருந்து குடல்புழு பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளிலும் அதே ஆய்வு நடந்தது. நம் பகுதியில் மிகுதியாகக் காணப்பட்டது கொக்கிப்புழுதான். அதிலும் பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம் அதிகம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதுமா, ஊரார் அனைவருக்கும் கொடுக்க வேண்டுமா என்பதே அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட கேள்வி.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வயிற்றுவலியை வைத்து மட்டும் இது இன்ன கிருமி என்று சொல்ல முடியாது. மலப் பரிசோதனைதான் வழி. கடுகளவு மலத்தை உப்புநீரில் கரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். உயிருள்ள ஜியார்டியா, மரத்திலிருந்து உதிரும் இலை போலப் புரண்டு புரண்டு நீந்தும். ஒரு சொட்டு அயோடின் விட்டால் சிஸ்ட் மஞ்சள் பழுப்பு நிறமாகி, உள்ளே உள்ள உட்கருக்களும் தெரியும்.

ஆனால் ஜியார்டியா தினமும் ஒரே அளவில் வெளிவருவதில்லை. ஒரு நாள் மாதிரியில் அகப்படும் வாய்ப்பு பத்தில் ஆறு என்று வைத்துக்கொள்வோம். தப்பிப் போகும் வாய்ப்பு 0.4. வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று மாதிரிகளிலும் தப்பிப் போகும் வாய்ப்பு 0.4 × 0.4 × 0.4 = 0.064. அதாவது நூற்றுக்கு 94 பேரிடம் அகப்பட்டுவிடும். மருத்துவர் மூன்று முறை மாதிரி கேட்பதன் காரணம் இதுதான். சலித்துக்கொள்ளாதீர்கள்!

புழு முட்டைகளைக் காண இன்னொரு தந்திரம் இருக்கிறது. நிறைவுற்ற உப்புக்கரைசலின் ஒப்படர்த்தி சுமார் 1.2. கொக்கிப்புழுவின் முட்டை அதைவிட இலேசானது. ஆகவே மலத்தை அந்தக் கரைசலில் கலக்கி வைத்தால் முட்டைகள் மேலே மிதந்து வரும். ஆர்க்கிமிடீசின் தத்துவம் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வதைப் பார்த்தீர்களா?

முட்டைகளை எண்ணவும் ஒரு முறை உண்டு. ஜப்பானில் கேட்டோ 1954-இல் தொடங்கியதை, பிரேசிலில் காட்ஸ் 1972-இல் செம்மைப்படுத்தினார். துளையிட்ட ஒரு சிறு தகட்டால் 41.7 மில்லிகிராம் மலத்தை அளந்து எடுப்பார்கள். அதில் காணும் முட்டைகளை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் எத்தனை என்று வந்துவிடும். ஏன் 24 என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். கொக்கிப்புழு முட்டை கிராமுக்கு 2,000-க்குக் கீழே இருந்தால் இலேசான தொற்று. 4,000-ஐ எட்டினால் கடுமையான தொற்று.

ஒரே மாத்திரை எல்லாவற்றுக்கும் ஆகுமா?

2015-இலிருந்து தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் அந்த ஒரு மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. சாட்டைப்புழுவுக்கு அவ்வளவாக இல்லை. ஜியார்டியாவோ புழுவே அல்ல. அதற்கு ஒரு வேளை அல்பெண்டசோல் போதாது. மெட்ரோனிடசோல், டினிடசோல் போன்ற வேறு மருந்துகள் வேண்டும். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை எடையையும் வயதையும் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடையில் கேட்டு வாங்கி இரண்டு வேளை விழுங்கிவிட்டு நிறுத்துவது கூடாது.

ஆகவே பள்ளியில் தரும் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள். வாரந்தோறும் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையையும் ஜன்னல் வழியே எறியாதீர்கள். மாத்திரை சாப்பிட்ட பிறகும் வயிற்று உப்பலும் பேதியும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று மலப் பரிசோதனை கேளுங்கள். மலத்தில் இரத்தமோ சளியோ தெரிந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

பானை, துணி, அடுப்பு

இனி தண்ணீருக்கு வருவோம். ‘தண்ணீரைத் தெளியவைத்துக் குடிக்கிறோமே?’ என்பார்கள். சிஸ்ட் மிகச் சிறியது. அடர்த்தியும் நீரைவிடச் சிறிதே அதிகம். ஸ்டோக்ஸ் விதிப்படி அது விநாடிக்கு ஒன்று அல்லது இரண்டு மைக்ரான்தான் இறங்கும். முப்பது சென்டிமீட்டர் உயரப் பானையின் அடியை அடைய இரண்டு நாளாவது ஆகும். நடுவில் ஒரு முறை சொம்பை விட்டால் மறுபடியும் கலங்கிவிடும். தெளிந்த நீர் எல்லாம் தூய நீராகிவிடாது.

துணியில் வடிகட்டினால்? வங்கதேசத்தில் சேலைத் துணியை நான்கு மடிப்புக்கு மேல் மடித்து வடிகட்டியதில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003-இல் ஓர் ஆய்வு வெளியானது. காலராக் கிருமி ஒட்டியிருக்கும் சிறு நீருயிர்களைத் துணி பிடித்துக்கொண்டதே காரணம். மடித்த துணியின் துளை சுமார் 20 மைக்ரான். தனியாக மிதக்கும் சிஸ்டோ பத்து மைக்ரான் அளவுதான். கதவு திறந்திருக்கும்போது யார் தடுப்பது? நாம் வழக்கமாகக் கலக்கும் குளோரினுக்கும் சிஸ்ட் எளிதில் மசிவதில்லை. நீர் குளிரக் குளிர அதன் பிடிவாதம் கூடுகிறது.

மிஞ்சுவது அடுப்புதான். நம் முதல் கேள்விக்கு விடை இதோ: சிஸ்டைக் கொல்ல நூறு டிகிரி தேவையே இல்லை. 70 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தாலே அது செத்துவிடும். 95 டிகிரியில் கேட்கவே வேண்டாம். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊர்களில் மட்டும் மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

காய்ச்சிய நீரில் கையோடு டம்ளரை விட்டு மொண்டால் பட்ட பாடெல்லாம் வீண். மூடி வைத்து, நீண்ட காம்புள்ள அகப்பையால் எடுங்கள். சாப்பிடும் முன்பும் கழிப்பறை சென்ற பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தோட்டத்துக்குப் போகும்போது செருப்பு அணியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மலம் மண்ணிலும் ஓடையிலும் கலக்காமல் கழிப்பறைக்குள் அடங்க வேண்டும். வயிற்றுக்குள் இருப்பதை மருந்து விரட்டும். மறுபடி வராமல் காப்பது கழிப்பறைதான்.

அடுத்த முறை வீட்டில் தண்ணீர் கொதிக்கும்போது, பள்ளி ஆய்வுக்கூட வெப்பமானியை ஆசிரியரின் அனுமதியோடு வாங்கி, பெரியவர்கள் துணையோடு அளந்து பாருங்கள். முந்நூறு மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறைகிறது என்று கொண்டால், உங்கள் ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். அளந்து முடித்த பின் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். குடிப்பதற்கு வேறு தண்ணீர் காய்ச்சிக்கொள்ளுங்கள்!