ஒரு கை போனால் நஷ்டஈடு எவ்வளவு? கோர்ட்டில் வக்கீல் போடும் கணக்கு!

லாரி மோதி இடது கை போய்விட்டது. டாக்டர் சர்டிபிகேட்டில் ஊனம் 60 சதவீதம். அப்படியானால் வருமான இழப்பும் 60 சதவீதம்தானா?

இல்லை! அரசாங்க குமாஸ்தா என்றால் வேலை தப்பும். டிரைவரோ தச்சரோ என்றால் பிழைப்பே போச்சு. இழப்பு கிட்டத்தட்ட 100 சதவீதம். 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு காட்டிய வழி இது.

சென்னை ஐகோர்ட்டு வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் கோர்ட்டில் இதை நிரூபிப்பதுதான் வக்கீலின் வேலை. பார்த்த தொழில், வாங்கிய சம்பளம், இனி எந்த வேலை முடியாது என்பதற்கெல்லாம் சாட்சி வேண்டும். சர்டிபிகேட் மட்டும் போதாது. டாக்டரையும் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும்.

"வக்கீலுக்குக் கொடுக்கக் காசுக்கு எங்கே போறது?" என்கிறீர்களா? 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகள் இலவச வக்கீல் கேட்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம்.