திருவள்ளுவருக்கு 108 எழுத்து

தமிழ் விக்கிப்பீடியாவில் திருவள்ளுவர் பக்கத்தைத் திறந்து, முகவரியை காப்பி செய்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பாருங்கள். உலாவியின் மேல்பட்டையில் ‘திருவள்ளுவர்’ என்று லட்சணமாக நின்ற பெயர், குழுவில் போய் விழும்போது சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாகக் கலைந்து நாலு வரிக்கு நீண்டுவிடும். அடுத்த நிமிடம் சித்தப்பா கேட்பார்: “என்னப்பா இது, வைரஸ் லிங்க்கா? தொடலாமா, கூடாதா?”

தொடலாம். உள்ளே இருப்பது வள்ளுவர்தான். கண்ணுக்கு ஏழு எழுத்தாகத் தெரியும் அந்தப் பெயர், இணைய முகவரிக்குள் நுழைந்ததும் சரியாக 108 எழுத்தாகிவிடுகிறது. யாரும் அர்ச்சனைக்காக வைத்த எண் இல்லை. கணக்குப் போட்டால் தானாக வருவது.

இணைய முகவரிக்குள் எல்லா எழுத்தும் நுழைந்துவிட முடியாது. ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துகள் 52, எண்கள் 10, இடைக்கோடு, அடிக்கோடு, புள்ளி, அலைக்கோடு ஆகிய நான்கு குறிகள் என 66-க்கு மட்டும்தான் தடையில்லா அனுமதி. கேள்விக்குறி, சாய்கோடு, & போன்ற இன்னும் 18 குறிகளுக்கு முகவரிக்குள் தனித்தனி வேலை இருக்கிறது. & வந்தால் ஒரு விவரம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பொருள். ஆகவே ‘இட்லி & சாம்பார்’ என்று தேடும்போது அந்தக் குறியை அப்படியே அனுப்பினால், தளம் இட்லியோடு நிறுத்திக்கொண்டு சாம்பாரை வேறு ஏதோ விவரமாக எடுத்துக்கொள்ளும். அதனால் அதை %26 என்றும், சொற்களுக்கு நடுவே விட்ட இடைவெளியை %20 என்றும் மாற்றி எழுதுகிறார்கள். நூற்றுக்கு இத்தனை என்ற கணக்குக்கும் இந்தச் சதவீதக் குறிக்கும் சம்பந்தமில்லை. ‘அடுத்து வரும் இரண்டு இலக்கமும் ஒரு பைட்டின் எண்’ என்று கணினிக்குச் சொல்லும் அடையாளம், அவ்வளவுதான். அந்த எண் பதினாறை அடிமானமாக வைத்து எழுதப்படுவதால், 0 முதல் 9 வரை தீர்ந்ததும் ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

தடையில்லா அனுமதி பெற்ற அந்தப் பட்டியலில் தமிழுக்கு ஓர் இடமும் இல்லை. ‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு தரநிலை ஐந்தாக எண்ணுகிறது: த, ம, இகரக் குறி, ழ, தலையில் வைக்கும் புள்ளி. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஒரு பைட்டை எழுதச் சதவீதக் குறியோடு சேர்த்து 3 எழுத்து. ஆக ஒரு குறிக்கு 9, ‘தமிழ்’ என்பதற்கு 45. ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலியில் எழுதிக் காட்டினால் ‘த’ என்பது %இ0%ஏஇ%ஏ4 என்று வரும். தமிழின் எந்தக் குறியும் %இ0%ஏஇ என்றோ %இ0%ஏஎஃப் என்றோதான் தொடங்கும். இந்தி என்றால் %இ0%ஏ4 அல்லது %இ0%ஏ5. சிங்களம் என்றால் %இ0%பி6 அல்லது %இ0%பி7. கண் கொஞ்சம் பழகிவிட்டால், திறக்காமலே ‘இது தமிழ்ப் பக்கம்’ என்று சொல்லிவிடலாம்.

இந்த மூன்று பைட் எங்கிருந்து வந்தது? கணினி வல்லுநர்களான கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் போட்ட திட்டம்தான் யூடிஎஃப்-8. வரிசையில் முதலில் நிற்கும் 128 குறிகளுக்கு, அதாவது ஆங்கிலத்துக்கு, ஒரு பைட். கிரேக்கம், ரஷ்யன், அரபி போன்றவை 2047-ஆம் எண்ணுக்குள் அடங்குவதால் இரண்டு பைட். இந்திய எழுத்துகளுக்கு யூனிகோடு கொடுத்த எண்கள் 2304-இல்தான் தொடங்குகின்றன. தமிழ் 2944 முதல் வரும் பகுதியில் இருக்கிறது. எனவே மூன்று. சீன மொழிக்கும் மூன்றுதான், ஆனால் அங்கே ஓர் எழுத்தே ஒரு சொல்லாக நிற்கக்கூடும். நமக்கோ மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவே 9 எழுத்து செலவு! சதி எதுவும் இல்லை. வரிசையில் பின்னால் நின்றதற்கான விலை.

சரி, முகவரியில் ஆங்கிலம் மட்டும் என்று முதலில் முடிவு செய்தது ஏன்? வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் வேறு இருவரும் சேர்ந்து 1994 டிசம்பரில் வெளியிட்ட ஆவணத்திலேயே இந்த விதி இருக்கிறது. ஆனால் அதற்கான நியாயத்தை விரிவாகச் சொல்வது 2005 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 3986. இன்றும் நிற்கும் தரநிலை அது. வறண்ட ஆவணம்தான், இருந்தாலும் நடுவே ஒரு குட்டிக்கதை வருகிறது. சர்வதேச மாநாட்டுக்கு வந்த சாம், கிம் என்ற இருவர் ஒரு மதுக்கூடத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாம் விவரம் கேட்க, கிம் ஓர் இணைய முகவரியைக் கைதுடைக்கும் தாளில் எழுதித் தருகிறார். ஊர் திரும்பிய சாம் அந்தத் தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்ய, பக்கம் திறக்கிறது. எந்த நாட்டு விசைப்பலகையிலும் அடிக்கக்கூடிய எழுத்துகளாக இருந்தால்தான் இது நடக்கும் என்பது வாதம். அவரவர் மொழியில் இருந்தால் மக்களுக்கு வசதி என்பதையும் அந்த ஆவணம் ஒப்புக்கொள்கிறது; ஆனால் அது எங்கள் வேலையில்லை என்று நகர்ந்துவிடுகிறது.

நல்ல எண்ணம்தான். விளைவுதான் தலைகீழ். மனிதர் கையால் எழுதிக் கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்று போட்ட விதி, வள்ளுவர் பெயரை எந்த மனிதரும் கையால் எழுத முடியாத 108 எழுத்தாக்கி வைத்திருக்கிறது.

அதே 2005 ஜனவரியில் இன்னொரு தரநிலையும் வந்தது. எல்லா மொழி எழுத்தையும் முகவரியில் காட்டலாம், கம்பியில் அனுப்பும்போது மட்டும் சதவீத வடிவுக்கு மாற்ற வேண்டும் என்றது. உலாவிகள் இப்போது செய்வது இதைத்தான்: நமக்குக் காட்டுவது தமிழ், சர்வருக்கு அனுப்புவது சதவீதம். காப்பி செய்யும்போதும் பெரும்பாலும் சதவீத வடிவத்தையே எடுத்துத் தருகின்றன. அதற்கும் காரணம் உண்டு. செய்தியில் லிங்க் எங்கே முடிகிறது என்பதை ஒவ்வொரு செயலியும் தானே ஊகிக்கிறது. பல நிரல்கள் ‘எழுத்து தீர்ந்தால் லிங்க் தீர்ந்தது’ என்று வைத்திருக்கின்றன. அவற்றின் கணக்கில் த எழுத்து, ம எழுத்து, இகரக் குறி எழுத்தல்ல. எனவே ‘தமிழ்’ என்று முடியும் லிங்க், ‘தம’ என்பதோடு நீல நிறம் இழந்து அறுந்து நிற்கும். அழகான உடைந்த லிங்க்கைவிட அசிங்கமான வேலை செய்யும் லிங்க் மேல் என்பது உலாவி செய்தவர்களின் தீர்ப்பு. என் தீர்ப்பும் அதுதான்.

நீளத்தால் வரும் தொல்லை பார்வைக்கு மட்டுமல்ல. தளம் நடத்தப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு கட்டுரையின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்துக்குத் தாராளம். தமிழை அங்கே சதவீத வடிவில் சேமிப்பதால், 22 குறிகளோடு இடம் தீர்ந்து தலைப்பு பாதியில் வெட்டுப்படும். தமிழில் எழுதிய எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துதான் கணக்கு. சதவீத வடிவில் வள்ளுவர் பெயர்கூட அதற்குள் அடங்காது. தமிழ்ச் செய்தித் தளங்கள் பல முகவரியை மட்டும் ஆங்கிலத்திலோ எண்ணிலோ வைத்துக்கொள்வதன் பின்னணி இதுதான்.

நுட்பமான சிக்கல் இன்னொன்று. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: பழைய வழக்கப்படி ‘ஸ’வில் தொடங்கி, அல்லது 2005-இல் சேர்க்கப்பட்ட ‘ஶ’வில் தொடங்கி. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலத் தெரியும். முகவரியில் மட்டும் அந்த முதல் எழுத்து ஒன்றில் %பி8 என்றும் மற்றதில் %பி6 என்றும் முடிவதால் இரண்டும் வெவ்வேறு பக்கங்கள். ஸ்ரீரங்கம் என்று சரியாகத்தான் அடித்தேன், பக்கம் இல்லை என்கிறதே என்று குழம்புபவர்கள் இதையும் ஒருமுறை பார்க்கலாம்.

லிங்க் கைமாறிக் கைமாறி வரும்போது சில சமயம் %2520 என்று ஒன்று தென்படும். சதவீதக் குறிக்கே %25 என்று ஒரு மாற்று உண்டு. ஏற்கெனவே மாற்றிய %20-ஐ ஒரு செயலி அறியாமல் மறுபடி மாற்றினால் வருவது இது. பக்கம் திறக்காவிட்டால் %25 உள்ள இடமெல்லாம் வெறும் % போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் திறந்துவிடும்.

தளத்தின் பெயருக்கு மட்டும் விதி வேறு. அங்கே சதவீதக் குறிக்கே அனுமதியில்லை. 2003-இல் வந்த பியூனிகோட் என்ற முறை, தமிழ்ப் பெயரை ‘எக்ஸ்என்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்திலும் இரட்டை இடைக்கோட்டிலும் தொடங்கும் சொல்லாக மாற்றுகிறது. 2010-இல் வந்த .இலங்கை, 2011-இல் வந்த .சிங்கப்பூர், .இந்தியா எல்லாம் உள்ளே இப்படித்தான் ஓடுகின்றன. ஆங்கில ‘ஏ’ போலவே தோன்றும் ரஷ்ய எழுத்தை வைத்து வங்கிப் பெயரில் போலித் தளம் போடுபவர்கள் இருப்பதால், சந்தேகம் வந்தால் உலாவி அந்த உள் வடிவத்தையே காட்டிவிடும்.

எனவே லிங்க் வந்தால் பார்க்க வேண்டிய இடம் சதவீதக் குப்பை அல்ல. முதல் இரட்டைச் சாய்கோட்டுக்கும் அடுத்த ஒற்றைச் சாய்கோட்டுக்கும் நடுவே இருக்கும் தளப் பெயர்தான். அது தெரிந்த தளமாக இருந்தால், பின்னால் எத்தனை சதவீதக் குறி வந்தாலும் பயமில்லை. நீளம் பிடிக்கவில்லை என்று அவற்றில் கைவைத்து வெட்டாதீர்கள். ஓர் இலக்கம் போனாலும் பக்கம் கிடைக்காது. ஃபேஸ்புக் போன்றவை கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டி அனுப்பும் உளவு வால் வேறு. யார் எங்கிருந்து வந்தார்கள் என்று எண்ணுவதற்கான அதை வெட்டினால் நட்டமில்லை. கணினியில் குரோம் வைத்திருப்பவர்கள், முகவரியின் முதல் எழுத்தை விட்டுவிட்டு மீதியைத் தேர்ந்தெடுத்து காப்பி செய்தால் தமிழ் தமிழாகவே வரும்; விட்ட எழுத்தைக் கையால் சேர்த்துக்கொள்ளலாம். விக்கிப்பீடியா பக்கம் என்றால் அந்த வேலையும் வேண்டாம். 2019 முதல் விக்கிமீடியாவிலேயே சுருக்க முகவரி எடுக்கும் வசதி இருக்கிறது. தமிழில் தளம் நடத்துபவர்கள் தமிழ் முகவரியை விட்டுவிட வேண்டியதில்லை. அதோடு ஒவ்வொரு பக்கத்துக்கும் இப்படி ஒரு குட்டி முகவரியையும் கொடுத்துவிடுங்கள்.