உண்டி மாற்றும் கலங்கள்

யேர்மனிய அறிஞர் ஒட்டோ வார்பேர்க் 1920களில் பேர்லினிலே கண்ட உண்மையொன்று இன்றும் வியப்பூட்டுவது. ஒட்சிசன் வேண்டியமட்டும் கிடைக்கும்போதும் புற்றுக்கலங்கள் குளுக்கோசை முற்றாக எரிப்பதில்லை. பெரும்பகுதியை இலத்திக்கமிலமாக்கி வெளியே தள்ளிவிடுகின்றன. முற்றாக எரித்தால் ஒரு மூலக்கூறு குளுக்கோசிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.ரீ.பீ. பெறலாம், நொதித்தல் வழியில் தேறுவதோ 2 மட்டுமே. உயிரியல் கற்பிக்கும் அன்பர்கள் இக்கணக்கை நன்கறிவர்.

இந்த ஊதாரித்தனம் ஏன்? கலத்தின் சுவாசம் பழுதுபட்டதே நோயின் மூலம் என்றார் வார்பேர்க். 1970இல் மறையும்வரை அதனையே சாதித்தார். ஆனால், பெரும்பாலான புற்றுக்கலங்களில் இழைமணிகள் செவ்வனே தொழிற்படுகின்றன என்பது பின்னர் புலனாயிற்று. விரைந்து பெருகும் கலத்துக்குச் சத்தி மட்டும் போதாது. புதுக்கலங்களை ஆக்க மூலப்பொருளும் வேண்டும். மரமனைத்தையும் விறகாக எரித்துவிட்டால் வீடு கட்டுவது எங்ஙனம்?

சூலகப் புற்றுநோயோ இவ்விளக்கத்துக்குள்ளும் முழுதாக அடங்குவதன்று. பல பெண்களில் அது கண்டறியப்படுமுன்னரே வயிற்றறையுட் பரவிவிடுகிறது. அது விரும்பிக் குடியேறுமிடம், குடல்களின்மேல் முன்றானைபோலத் தொங்கும் வபை என்னும் கொழுப்புச் சவ்வு. சிக்காகோப் பல்கலைக்கழகத்து ஏர்ண்ஸ்ட் லெங்கியேல் குழுவினர் 2011இல் இதன் காரணத்தை வெளியிட்டனர். வபையின் கொழுப்புக்கலங்கள் தம் சேமிப்பைக் கொழுப்பமிலங்களாக விடுவிக்கின்றன. வந்தேறிய கலங்கள் அவற்றை வாங்கி எரித்துச் செழிக்கின்றன. குளுக்கோசுக்குப் பேர்போன கலம், இடமறிந்து உண்டியை மாற்றிக்கொள்கிறது!

மருத்துவத்தின் இடர்ப்பாடும் இங்கேயே தொடங்குகிறது. 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாற்றினும் அதன் வழிவந்த பிளாற்றின மருந்துகளும் முதலில் பெரும்பாலானோரிடம் நோயைப் பணியவைக்கின்றன. முற்றிய நிலையிற் கண்டறியப்பட்டோருட் பெரும்பாலார்க்கு அது மீள்கிறது. மீளுந்தோறும் மருந்தின் பிடி தளர்கிறது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் அனுசேபத்தோடு ஒட்டியது குளுற்றாத்தயோன் என்னும் சிறு பொருளின் கதை. டி.என்.ஏ. இழையைச் சேருமுன்னரே பிளாற்றினத்தை அது பற்றிக்கொள்கிறது. மருந்துக்கு மசியாத சூலகப் புற்றுக்கலங்களில் இப்பொருள் மிகுந்திருத்தலை 1992இலேயே ஆய்வாளர் காட்டினர்.

“எதிர்ப்பு” என்று நூல்கள் வழங்கும் சொல் எனக்கு அத்துணை உவப்பானதன்று. கோட்டைக்குள் தனித்து நின்று போரிடும் வீரனை அது நினைப்பூட்டுகிறது. இக்கலமோ அயலாரிடம் கைமாற்று வாங்கிக் காலந்தள்ளும் குடும்பத்தை ஒத்தது. மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்று என் எண்ணத்துக்கு அரண்செய்கிறது. புற்றைச் சூழ்ந்துள்ள நார்க்கலங்கள் குளுற்றாத்தயோனையும், அதனை ஆக்க உதவும் சிஸ்தேயினையும் சூலகப் புற்றுக்கலங்களுக்கு ஊட்டி வருகின்றனவாம். உடலின் காவற்படையைச் சேர்ந்த ரீ கலங்கள் இன்டர்பெரோனைச் சுரந்தபோது நார்க்கலங்களின் இவ்வுபசாரம் ஒடுங்கிற்று. பிளாற்றினமும் மீண்டும் பலித்தது.