எடை குறைக்கும் ஊசியும் ஒரு துண்டுச் சீட்டும்

பார்ப்பதற்குப் பேனா மாதிரியே இருக்கும். அடியிலுள்ள குமிழைத் திருகினால் சிறு கட்டத்தில் 0.25 என்ற எண் வந்து நிற்கும். வயிற்றுத் தோலில் குத்தி அழுத்தினால் வேலை முடிந்தது, இனி அடுத்த வாரம்தான். டிர்செபடைடு (மௌன்ஜாரோ) 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாகுளுடைடு (வெகோவி) அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. 2026 மார்ச்சில் செமாகுளுடைடின் காப்புரிமையும் இங்கே முடிந்தது. இவை பயனற்ற மருந்துகள் என்று யாரும் சொல்ல முடியாது. 1,961 பேரிடம் நடந்த ஆய்வொன்றில் செமாகுளுடைடு போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு எடை இறங்கியது. ஆனால் ஊசியால் உடம்பு கெட்டு ஒருவர் இழப்பீடு கேட்கும்போது, மருந்து நல்லதா கெட்டதா என்ற விவாதம் அவருக்கு உதவாது. ஆபத்தை அவருக்கு யார் சொன்னார்கள், சொன்னதற்கு என்ன ஆதாரம் என்பதில்தான் வழக்கு நிற்கும்.

அந்த ஆபத்துகள் ரகசியமானவை அல்ல. அதே ஆய்வில் செமாகுளுடைடு போட்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்குக் குமட்டல் வந்தது. பித்தப்பைக் கோளாறு அவர்களில் 2.6 விழுக்காடு, மருந்தில்லா ஊசி போட்டவர்களில் 1.2. குமட்டல் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காதவற்றைத்தான் அறிந்திருக்க வேண்டும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாய்ந்து விடாமல் வலித்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். ஓயாத வாந்தியால் நீர் வற்றிச் சிறுநீரகம் அடிபடலாம். குடல் அசையாமல் நின்றுபோகும் நிலையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 செப்டம்பரில் ஓசெம்பிக் (நீரிழிவுக்கான செமாகுளுடைடு) மருந்தின் விவரத் தாளில் சேர்த்தது. ஒரு கண்ணின் பார்வை வலியே இல்லாமல் திடீரென மங்கும் பார்வை நரம்புப் பாதிப்பு, செமாகுளுடைடின் மிக அரிய பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜூனில் அறிவித்தது. பத்தாயிரம் பேரில் ஒருவர் வரை என்பது அதன் கணக்கு. இரைப்பை மெதுவாகக் காலியாவதால், அறுவைக்கு முன் பட்டினி கிடந்தவர் வயிற்றிலும் உணவு தங்கியிருந்து மயக்க நிலையில் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். ஊசி போடுவதை மயக்க மருத்துவரிடம் மறைப்பவர் தன் உயிரோடு விளையாடுகிறார்.

இவ்வளவும் தாளில் அச்சாகிவிட்டதே, நிறுவனத்தின் மீது என்ன வழக்கு போட முடியும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் போதிய எச்சரிக்கை தரவில்லை என்று தயாரிப்பாளர்கள் மீது தொடுத்த வழக்குகள் 2024 பிப்ரவரியில் பென்சில்வேனியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன. இரைப்பை முடக்கம் என்று சொல்பவர் அதை முறையான பரிசோதனையால் காட்டியாக வேண்டும் என்று அந்த நீதிமன்றம் 2025இல் கூறியது. வாந்தி எடுத்தேன் என்ற வாய்ச்சொல் அங்கே செல்லாது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, போதிய எச்சரிக்கை தராத தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் 87ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது: நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே தரவேண்டிய பொருளென்றால், அந்த நிபுணரிடம் எச்சரிக்கையைச் சேர்க்க நியாயமான முயற்சி எடுத்த தயாரிப்பாளர் தப்பிவிடலாம். அதாவது எச்சரிக்கை மருத்துவர் மேசைவரை வந்துவிட்டால், அங்கிருந்து நோயாளியின் காதுக்குப் போகும் அந்த இரண்டடி தூரம் மருத்துவரின் பொறுப்பு.

அந்த இரண்டடிக்கும் சட்டம் உண்டு. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல், சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. சிகிச்சையின் ஆபத்தையும் மாற்று வழிகளையும் போதிய அளவு சொல்லிப் பெறுவதே ஒப்புதல் என்று 2008இல், சமீரா கோலி வழக்கில் விளக்கியது. ஆகவே படிக்காமல் போட்ட கையெழுத்து மருத்துவமனைக்குக் கவசமாகிவிடாது. தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்று குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்காமலே இந்த ஊசியை எழுதிக்கொடுத்தால் அது கவனக்குறைவுதான். அதேசமயம், ஒழுங்காகக் கேட்டு, சொல்லி, குறித்துவைத்த மருத்துவரைப் பக்கவிளைவு வந்த ஒரே காரணத்துக்காக இழுப்பது நிற்காது, நிற்கவும் கூடாது.

மருத்துவர் சீட்டே இல்லாமல் வாங்கியவர் கதை வேறு. உடற்பயிற்சிக் கூடத்திலோ அழகு நிலையத்திலோ வாட்ஸ்அப் வழியாகவோ வாங்கினால், விளக்கம் சொல்லும் கடமையுள்ள மருத்துவர் அங்கே இல்லவே இல்லை. அப்படி வாங்கியவருக்கு உரிமையே இல்லை என்பது என் வாதமல்ல. சீட்டில்லாமல் விற்றது விற்றவரின் குற்றம். தயாரிப்பாளரின் எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்க்காத விற்பனையாளரை 86ஆம் பிரிவு பிடிக்கும். உடல் பருமனுக்கு மருந்து விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. ஆனால் பில் தராத விற்பனையாளரை எப்படிப் பிடிப்பது? விற்றதே இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. போலி செமாகுளுடைடு பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்திருக்கும்போது, பேனாவுக்குள் இருந்தது என்னவென்றுகூட வாங்கியவரால் காட்ட முடியாது.

இப்படி எழுதினால் சர்க்கரையும் பருமனும் உள்ளவர்கள் பயந்து நல்ல மருந்தை விட்டுவிடுவார்கள் என்று சிலர் குறைபடலாம். பயமுறுத்தித் தடுப்பதும் தவறு, சொல்லாமல் குத்துவதும் தவறு. முறையாகச் சீட்டு வாங்கி, நான்கு வாரத்துக்கொரு படியாக அளவை ஏற்றிப் போகிறவருக்கு இந்தக் கட்டுரையில் பயப்பட ஒன்றுமில்லை.

ஏதாவது நேர்ந்துவிட்டால் முதலில் சிகிச்சை. பிறகு பேனாவைக் குப்பையில் போடாமல் தொகுப்பு எண்ணோடு பெட்டியை, பில்லை, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தருவது மருத்துவரின் கடமை. பக்கவிளைவை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே பதிவு செய்யலாம். நுகர்வோர் உதவி எண் 1915. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டுகள்.